கொலைகாரன் நல்லவன் ஆனான்!

குதிரை வீரன் சிஸ்கோ கிட்டின் மறுபக்கம்

மதுரைப் பக்கத்தில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் "சிஸ்கோ கிட்" என்று சொல்லிப் பாருங்கள். சிலருக்கு முகம் மலரும். சிறு வயதில் முத்து காமிக்சில் பார்த்த குதிரை வீரன் அவன்!

முத்து காமிக்ஸ் 1972-ம் ஆண்டு சிவகாசியில் தொடங்கப்பட்டது. அச்சகங்கள் நிறைந்த அந்த ஊரில், மெக்சிகோ வீரன் சிஸ்கோ தமிழ் பேசினான். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களும் படத்தைப் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொண்டார்கள்.

156 கதைகள்

அமெரிக்காவில் சிஸ்கோ டெலிவிஷனில் புகழ் பெற்றவன். 1950 முதல் 1956 வரை 156 கதைகள் வந்தன. டங்கன் ரெனால்டோ சிஸ்கோவாக நடித்தார். கூட்டாளி பாஞ்சோவாக லியோ கரில்லோ நடித்தார். கறுப்பு-வெள்ளைக் காலத்திலேயே இதைக் கலரில் எடுத்தார்கள்!

அந்தத் தொடர் முடிந்து 19 ஆண்டுகள் கழித்து, 1975-ல்தான் சென்னைக்கே டெலிவிஷன் வந்தது. அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு அவன் காகித வீரன்தான். படக்கதையை 1951 முதல் 1968 வரை வரைந்தவர், அர்ஜென்டினா நாட்டுச் சித்திரக்காரர் ஹோசே லூயிஸ் சலினாஸ்.

இன்று அந்தப் பழைய டெலிவிஷன் கதைகளை இண்டர்நெட்டில் பார்க்கலாம். ஏழைக்குக் கஷ்டம் வரும். சிஸ்கோ குதிரையில் வருவான். கூடுமானவரை ஆளைக் கொல்லாமல் கெட்டவனைப் பிடிப்பான். கடைசியில் இருவரும் சிரித்தபடி புறப்படுவார்கள்.

ஆனால் முதலில் அவன் இப்படி இல்லை!

கொடிய கடிதம்

சிஸ்கோவைப் படைத்தவர் ஓ ஹென்றி. 1907-ல் அவர் எழுதிய சிறுகதையில் அவன் ஈவு இரக்கமற்ற கொலைகாரன்.

அவனுடைய காதலி டோனியா, போலீஸ் அதிகாரி ஒருவரிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். சிஸ்கோவைக் காட்டிக்கொடுக்கவும் சம்மதிக்கிறாள். மறைந்திருந்து அதைக் கேட்டுவிடுகிறான் சிஸ்கோ. அவள் எழுதியதுபோல் அதிகாரிக்கு ஒரு பொய்க் கடிதம் போகிறது: "சிஸ்கோ என் உடையைப் போட்டுக்கொண்டு தப்பப் போகிறான். பெண் உடையில் வருபவனைச் சுடுங்கள்!"

அதிகாரி நம்பினார். சுட்டார். விழுந்தவள் டோனியாவேதான்!

எது மாறியது?

இதே பெயர்க்காரன்தான் பின்னர் குழந்தைகளின் செல்ல வீரன் ஆனான். பெயர் மாறவில்லை, குணத்தை மாற்றிவிட்டார்கள். டோனியாவை மறந்துவிட்டார்கள்.

வீட்டுப் பரணில் பழைய படக்கதைப் புத்தகம் இருந்தால் எடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். பிறகு டோனியாவின் கதையையும் சொல்லுங்கள்.

"தாத்தா, சிஸ்கோ நல்லவனா, கெட்டவனா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"யார் எழுதிய கதை என்று பார்க்க வேண்டும், கண்ணு" என்று சொல்லுங்கள். எந்தக் கதையைப் படித்தாலும் இந்தக் கேள்வி அவர்களுக்குக் கைகொடுக்கும்!