மரக்கிளை கழிக்க வருகிறார்கள், மரத்தில் கூடு இருக்கிறது: நீங்கள் என்ன செய்யலாம்?

ஏப்ரல், மே வந்தாலே அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வரும்: "நாளை காலை மரம் டிரிம்மிங். கார்களை எடுத்துவிடவும்." நீங்களும் காரை எடுத்துவிடுவீர்கள். மரத்தில் கூடு இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என எங்கே வேலை பார்த்தாலும் இதே கதைதான். மழைக்காற்றில் கிளை முறிந்து யார் தலையிலும் விழக் கூடாது, கரண்ட் கம்பியில் உரசக் கூடாது என்பதற்காக மழைக்கு முன்பே கிளைகளைக் கழிக்கிறார்கள். காரணம் நியாயமானது. ஆனால் பல பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் அதே மாதங்களில்தான்.

எந்தப் பறவை, எப்போது?

காகம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை வரை கூடு கட்டும். குயில் அந்தக் கூட்டில்தான் முட்டையிடும். ஆகவே ஒரு காகக் கூடு போனால், குயில் குஞ்சும் சேர்ந்து போகலாம். பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் மரப்பொந்தில் குடும்பம் நடத்துவது கோடைக்கு முந்தைய மாதங்களில். செம்மார்புக் குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்து கூடு அமைக்கும். டிரிம்மிங்கில் முதலில் விழுவதும் அந்தப் பட்டுப்போன கிளைதானே!

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் 'வேட்டை' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை அல்ல. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். இங்கே 'காட்டுப் பறவை' என்பது யாரும் வளர்க்காமல் தானாகத் திரியும் பறவை. உங்கள் பால்கனிக்கு எதிரே இருக்கும் கூட்டுக்கும் இது பொருந்தும்.

தண்டனை, 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போன்ற முதல் அட்டவணைப் பறவை என்றால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை.

"காக்கா கூடுதானே, அதுக்கென்ன?" என்று யாராவது கேட்கலாம். முன்பு காகம், எலி, சுண்டெலி போன்றவை தீங்கு செய்யும் உயிரினங்கள் என்று தனி அட்டவணையில் இருந்தன. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது.

"பர்மிஷன் வாங்கியாச்சு" என்றால்?

மரத்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடகத்தில் 1976, மகாராஷ்டிரா நகரங்களில் 1975. டெல்லியில் 15.7 செ.மீ. சுற்றளவு வரையுள்ள கிளைகளை அனுமதி கேட்காமலே கழிக்கலாம் என்று ஒரு வழிகாட்டுதல் இருந்தது. அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்தது.

ஆனால் மரத்துக்கு வாங்கிய அனுமதி, கூட்டைக் கலைக்கும் அனுமதி ஆகிவிடாது. 2022 செப்டம்பரில் கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ அகலப்படுத்தும் பணிக்காக ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். கூடுகளோடு குஞ்சுகளும் தரையில் விழுந்து செத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. வனத்துறை வழக்குப் பதிந்தது. சாலை வேலை சில வாரங்கள் காத்திருந்தால் அந்தக் குஞ்சுகள் பறந்திருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது என்ன?

"மரத்தைத் தொடாதீங்க" என்று நின்றால் அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டைதான் வரும். "இந்த ஒரு மரத்தை மட்டும் சில வாரம் தள்ளி வைங்க" என்று கேளுங்கள். தையல்சிட்டு, கொண்டைக்குருவி போன்ற சின்னப் பறவைகளுக்கு முட்டையிலிருந்து பறக்கும் வரை சுமார் 4 வாரம் போதும். காகத்துக்கு 6, 7 வாரம். கரும்பருந்துக்கு மட்டும் இரண்டரை மாதம் வரை ஆகும்.

முதலில் கூடு இருப்பதை உறுதி செய்யுங்கள். காலையில் 20 நிமிடம் தள்ளி நின்று கவனித்தால் போதும். இரையோடு ஒரு பறவை திரும்பத் திரும்ப ஒரே கிளைக்குப் போகிறதா? போகிறவர் வருகிறவர் தலையைக் காகம் தட்டுகிறதா? அப்படியானால் அநேகமாக மேலே குஞ்சு இருக்கிறது. ஏறிப் பார்க்க வேண்டாம். தூரத்திலிருந்து ஜூம் செய்து ஒரு போட்டோ எடுங்கள்.

பிறகு மரம் இருக்கும் இடம், தேதி, போட்டோ ஆகியவற்றோடு அசோசியேஷன் செயலாளருக்கும் மாநகராட்சித் தோட்டத் துறைக்கும் மெயில் அனுப்புங்கள். வனத்துறைக்கு ஒரு நகல். கிளை கரண்ட் கம்பியில் உரசினால், உரசும் பகுதியை மட்டும் வெட்டி, கூடு உள்ள கிளையை விட்டுவைக்கச் சொல்லலாம். முறிந்து விழும் நிலையில் இருந்தால் மனித உயிர்தான் முதலில். அப்போதும் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

ரம்பம் ஏற்கெனவே ஓடுகிறது என்றால்?

மேற்பார்வையாளரிடம் கூட்டைக் காட்டி, அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். ஏணியில் நிற்கும் தொழிலாளி தினக்கூலிக்கு வந்தவர், அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. வனத்துறைக்கு போன் செய்யுங்கள். மகாராஷ்டிராவில் வனத்துறை உதவி எண் 1926. யாரும் வரவில்லை என்றால் போலீஸுக்கு 112.

குஞ்சு கீழே விழுந்துவிட்டால்?

இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறதா? பறக்கப் பழகும் குஞ்சு அது. பூனை, நாய் எட்டாத புதரில் விட்டால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை.

கூடு சிதைந்துவிட்டதா? சின்னக் கூடையில் காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் நிழலான இடத்தில் கட்டிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் வரவில்லை என்றாலோ, குஞ்சுக்குக் காயம் இருந்தாலோ, துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே ஜெயின் பறவைகள் மருத்துவமனை, பெங்களூருவில் கெங்கேரி பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனை இருக்கின்றன. பால், பிரெட் கொடுக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தில் வீட்டிலேயே வளர்க்கவும் முடியாது. கிளி உட்பட நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

அடுத்த வருஷமும் இதே ஓட்டம் வேண்டாம் என்றால், கான்ட்ராக்டருக்குத் தரும் ஒர்க் ஆர்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "கூடு உள்ள மரத்தில், குஞ்சுகள் பறந்த பிறகே கிளை கழிக்க வேண்டும்." வழக்கமான கவாத்தை மழை முடிந்த அக்டோபர், நவம்பருக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அசோசியேஷனுக்கு இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. யாராவது ஒருவர் மீட்டிங்கில் எழுந்து சொன்னால் போதும்.