கூரை வேய்ந்த பாலம்

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், நியூ ஹாம்ப்ஷயர் ராஜ்யத்துக் கார்னிஷ் என்னும் சிற்றூரையும் வெர்மான்ட் ராஜ்யத்து விண்ட்சரையும் இணைத்து, கனெக்டிகட் நதியின் குறுக்கே ஏறக்குறைய 450 அடி நீளத்துக்கு நிற்கும் மரப்பாலத்தைக் காண்போர், ஆற்றைக் கடப்பதற்கு இத்தனை கூரையும் பக்கச்சுவரும் எதற்கென்று வியப்பது இயல்பே. பனிக்கு அஞ்சி மூடினார்கள் என்பாருண்டு. ஆனால், அந்தப் பிரதேசத்துக் கூரைப் பாலங்களுக்குள் குளிர்காலத்தில் சறுக்குவண்டி ஓடவேண்டி, வெளியிலிருந்து பனியை வாரிவந்து தளத்தில் பரப்பினார்கள் என்று அறிந்தால் அந்த அபிப்பிராயம் நில்லாது. சட்டங்கள் கூடும் மூட்டுகளில் மழைநீர் தங்கினால் மரம் சில வருஷங்களிலேயே உளுத்துவிடும். நனையாத மரமோ நூறு வருஷம் கடந்தும் உழைக்கும். கூரையின் பிரயோஜனம் அதுதான்.

இதே இடத்தில் 1796, 1824, 1828 ஆகிய வருஷங்களில் கட்டிய மூன்று பாலங்களையும் வெள்ளம் கொண்டுபோனபின், 1866-ல் ஜேம்ஸ் டாஸ்கர், பேலா ஃபிளெட்சர் என்னும் இருவர், 9,000 டாலர் செலவில், நடு ஆற்றில் ஒரே தூணை நம்பி இதை எழுப்பினார்கள். 1820-ல் இத்தியேல் டவுன் என்பவர் காப்புரிமை பெற்ற முறையில், பக்கச்சுவர் முழுவதும் பாய் முடைந்தாற்போல் பலகைகளாலான சாய்வுச் சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, பாரம் எந்த ஒரு மூட்டிலும் குவியாமல் பலவற்றிலும் பரவிவிடுகிறது. டாஸ்கரோ பலகைக்குப் பதிலாகக் கனத்த மரங்களையே எடுத்து, அவை குறுக்கிடும் இடங்களில் பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தினார். அதையும் ஆற்றின்மேல் தொங்கிக்கொண்டு செய்யாமல், விண்ட்சருக்கு அருகே ஒரு புல்வெளியில் பூட்டிப் பார்த்த பிறகே கரைக்குக் கொண்டுவந்தார் என்பதில் அந்தத் தச்சரின் சாமர்த்தியம் விளங்குகிறது. குதிரையை நடத்திச் செல்லாமல் ஓட்டினால் 2 டாலர் அபராதம் என்று வாயிலில் எழுதிவைத்தார்கள். சுங்கம் 1943 வரை வசூலானது.

காலப்போக்கில் பாலம் நடுவில் தொய்ந்தது. மிதந்துவந்த பனிப்பாளங்களும் மோதின. 1987-ல் மூடிப் பழுதுபார்த்து, 1989-ல் திறந்தபோது, பாரத்தின் இழுவிசை முழுவதையும் தாங்கும் அடிச்சட்டங்களுக்குப் பழையபடி முழுமரம் இடாமல், பலகைகளை அடுக்கிப் பசையிட்டு ஒட்டிய உத்தரங்களையே இட்டார்கள். புராதனத்துக்கு இது பங்கம் என்று சிலர் மனம் வருந்தினார்கள். மோட்டார் வண்டிகளைத் தாங்கவேண்டிய பாலத்தைக் காட்சிப்பொருளாக்காமல் காத்த இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

இந்தப் பணிக்கு நாற்பது லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்று. ராஜ்ய எல்லை நதியின் நடுவில் ஓடாமல் வெர்மான்ட் கரையோரமே அமைந்திருப்பதால், பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பு நியூ ஹாம்ப்ஷயரின் தலையில் விழுந்தது, விண்ட்சர்வாசிகளுக்கு அதிர்ஷ்டந்தான்.