மக்காவ் வளர்க்கலாம், பச்சைக்கிளி கூடாதா?

ஆறாம் வகுப்பில் பறவைகளின் தகவமைப்பை நடத்திக்கொண்டிருந்தேன். கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னுமாக இருப்பதைப் படம் வரைந்து விளக்கியபோது கடைசி வரிசை மாணவன் எழுந்தான். “டீச்சர், எங்க மாமா மினி மக்காவ் வாங்கியிருக்காரு. அதை வளர்க்கலாமாம். எங்க வீட்டுப் பச்சைக்கிளியை மட்டும் வளர்க்கக் கூடாதுன்னு சொல்றாங்க. ஏன் டீச்சர்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் சிறுவயதில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு கிளிக்கூண்டு தொங்கியது. இறக்கை வெட்டிய அந்தக் கிளிக்குப் பழமிளகாய் கொடுத்து வளர்த்தவள் நான். “நாளை சொல்கிறேன்” என்றேன். மறுநாள் வகுப்பில் பேசியவற்றை இங்கே பகிர்கிறேன்.

மினி மக்காவ் என்பது ஒரே இனம் அன்று. சிறிய மக்காவ் இனங்கள் சிலவற்றுக்கான பொதுப்பெயர். அவற்றுள் மிகச் சிறியது ஹான்ஸ் மக்காவ். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நீளம் சுமார் 30 செ.மீ. பச்சை உடல், நீல நெற்றி, கண்ணைச் சுற்றி இறகில்லாத வெள்ளைத் தோல், இறக்கையின் தோள்பகுதியில் சிவப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

உருவம் சிறியதானாலும் பொறுப்பு சிறியதன்று. இது 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆறாம் வகுப்பில் வாங்கினால், அந்த மாணவன் வேலைக்குப் போன பின்னும் கவனிக்க வேண்டும். கூட்டமாக வாழும் பறவை என்பதால், நாள் முழுதும் தனியே விட்டால் கத்தும். சில பறவைகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளும். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கொழுப்பு மிகும், வைட்டமின் ஏ குறையும். கேரட், பப்பாளி, கீரை தேவை. சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் நஞ்சு. அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகைகூடப் பறவையைக் கொன்றுவிடும்.

அடுத்து சட்டம். நம் பச்சைக்கிளி, 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கூண்டில் விற்கப்படும் பச்சைக்கிளிகள் பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து குஞ்சாகத் திருடப்பட்டவை. ஒன்றை வாங்கினால் அடுத்த பொந்துக்கும் ஆபத்து. அதனால்தான் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மக்காவ் இங்குள்ள காட்டுப் பறவை அன்று. அதற்கு விதி வேறு. அதுவும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், இத்தகைய பறவைகளை வைத்திருப்போர் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கடைக்காரர் தரும் ரசீது மட்டும் போதாது.

மணி அடித்ததும் அந்த மாணவன் என்னிடம் வந்தான். “எங்க கிளியைத் திறந்து விட்டுடட்டுமா டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்டான். வேண்டாம் என்றேன். இறக்கை வெட்டிய கிளி பறக்காது. இரை தேடவும் தெரியாது. பூனைக்கோ காகத்துக்கோ இரையாகும். அவன் தந்தையிடம் பேசினேன். முதலில் தயங்கினார், பிறகு அவரே வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார். இரண்டு நாள் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

பள்ளிக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. அதன் பொந்தில் கிளிகள் கூடு வைத்திருப்பதை முதலில் கண்டவன் அவன்தான். இப்போது மாலை வேளைகளில் எத்தனை கிளிகள் வருகின்றன என்று ஒரு நோட்டில் குறிக்கிறான். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தகவமைப்புப் பாடத்துக்கு அதைவிட நல்ல துணைக்கருவி என்னிடம் இல்லை.

உங்கள் வகுப்பிலும் வீட்டில் கிளி வளர்க்கும் பிள்ளை ஒருவராவது இருக்கலாம். “குற்றம்” என்ற சொல்லிலிருந்து தொடங்காமல், அந்தக் கிளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.