துன்பத்தில் இறைத்துணை: திருநாவுக்கரசர் வாழ்வும் பதிகங்களும்

துன்பம் வரும்போது இறைவன் உடனிருக்கிறான், கைவிடமாட்டான் என்னும் நம்பிக்கை பல சமயங்களிலும் உண்டு. தமிழ்ச் சைவ மரபில் அந்த நம்பிக்கைக்கு முதலில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் திருநாவுக்கரசர். அப்பர் என்ற பெயரில் பலரும் அறிந்த இவர் கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இவர் பாடிய தேவாரப் பதிகங்கள் பன்னிரு திருமுறைகளில் 4, 5, 6ஆம் திருமுறைகளாக வைக்கப்பட்டுள்ளன. இவருடைய வரலாற்றை விரிவாகச் சொல்லும் பெரியபுராணத்தைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றினார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். எனவே அப்பர் தாமே பாடியது எது, சேக்கிழார் சொல்வது எது என்று பிரித்துப் படிப்பது நல்லது.

கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது என்பதோடு பலருக்கு அப்பர் கதை முடிந்துவிடுகிறது. நம்பினார், காப்பாற்றப்பட்டார் என்று அதைச் சுருக்கிவிடலாம். ஆனால் முழு வரலாற்றையும் படித்தால், உதவி வராத இடங்களும், கேட்டது ஒன்றாகவும் கிடைத்தது வேறாகவும் இருந்த இடங்களும் அதில் இருப்பது தெரியும். துன்பத்தில் இருப்பவருக்கு அந்த இடங்களே அதிகம் சொல்லக்கூடியவை.

தமக்கை திலகவதியார்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார், மாதினியார் ஆகியோரின் மகனாகப் பிறந்தவர் அப்பர். இயற்பெயர் மருள்நீக்கியார். தமக்கை திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். கலிப்பகையார் போருக்குச் சென்றிருந்தபோது தந்தை நோயுற்று இறந்தார். தாயும் அவரோடு உயிர்நீத்தார். பிறகு கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தி வந்தது. திலகவதியார் தாமும் இறக்கத் துணிந்தார். சிறுவனாக இருந்த தம்பி அவர் காலில் விழுந்து, அக்காவும் போய்விட்டால் அதற்கு முன்னே தான் இறந்துவிடுவதாகச் சொல்லி அழுதார். தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் வாழ முடிவு செய்தார்.

இந்த இடத்தில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. இறைவன் நேரில் தோன்றவும் இல்லை. இரண்டு அனாதைகள் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மருள்நீக்கியார் வளர்ந்தபின் பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூரில், சமணப் பள்ளியில் சேர்ந்து கற்றுத் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். திலகவதியார் திருவதிகைக்குச் சென்று வீரட்டானக் கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் ஆகிய பணிகளைச் செய்து வந்தார். தம்பியைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் நாள்தோறும் வேண்டியதாகச் சேக்கிழார் சொல்கிறார். அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த விடைதான் வியப்பானது. தம்பிக்குச் சூலை நோய், அதாவது பொறுக்க முடியாத வயிற்றுவலி வந்தது.

முதல் பதிகம்

சமணத் துறவிகள் தாம் அறிந்த மந்திரங்களால் வலியைத் தீர்க்க முயன்றும் அது தணியவில்லை. தருமசேனர் தம் சமையற்காரரை அக்காவிடம் அனுப்பினார். அந்தப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு இரவோடு இரவாகத் தாமே திருவதிகைக்குச் சென்று அக்காவின் காலில் விழுந்தார். திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே பாடியதே அவருடைய முதல் பதிகம் என்பது மரபு.

அந்தப் பதிகத்தைப் பக்திப் பாடல் என்று எண்ணிப் படிக்கத் தொடங்குபவருக்கு அதன் தொனி புதிதாக இருக்கும். அதில் முறையீடு அதிகம். வலி கூற்றுவனைப்போல் வந்து நிற்கிறது, தெரிந்து நான் செய்த தீங்கு எது, குடல் முறுக்குகிறது, இனிப் பொறுக்கமாட்டேன் என்று போகிறது அது. ஓரிடத்தில் ஓர் உவமை வருகிறது. கரையில் நின்றவர்கள் ஆழம் பார்த்துக்கொள் என்று சொல்லித் தம்மை ஆழமான குளத்தில் தள்ளிவிட்டார்கள், கால் ஊன்றும் துறை தெரியவில்லை என்கிறார். நம்பிக்கை உடையவர் அழக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பதிகத்தை ஒருமுறை படிக்க வேண்டும். தேவாரத்தில் அப்பரின் குரல் தொடங்குவதே இப்படித்தான்.

நீற்றறையும் கடலும்

குளத்தில் தள்ளப்பட்டது உவமை. அடுத்து வந்தது உண்மையான நீர். மதம் மாறியதற்காகப் பல்லவ மன்னன் அவரை அழைத்துத் தண்டித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் ஏழு நாள் அடைத்தல், நஞ்சு கலந்த சோறு, யானையை ஏவுதல் எனத் தொடர்ந்து, இறுதியில் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினார்கள். அந்த மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். நாம் கேட்பது சைவர் தரப்பின் வரலாறு என்பதையும், சமணர் பக்கக் கதை இதில் இல்லை என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். எனினும் கல்லோடு பூட்டி நீரில் தள்ளப்பட்டதை அப்பரே திருநீலக்குடிப் பதிகத்தில் குறிப்பிட்டிருக்கிறார்.

கடலில் அவர் பாடியதாகச் சொல்லப்படுவது நமச்சிவாயப் பதிகம். நீரில் மூழ்கிக்கொண்டிருப்பவர் என்ன கேட்பார்? காப்பாற்று என்றுதான் கேட்பார். அந்தப் பதிகத்திலோ அப்படி ஒரு கோரிக்கையே இல்லை. ஐந்தெழுத்து துணையாக இருக்கிறது என்ற உறுதி மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது. இடுக்கண் வந்தாலும் பிறரிடம் போய் விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சமாட்டோம், மலையின்கீழ் அகப்பட்டுக் கிடந்தாலும் நம் நடுக்கத்தை அந்த நாமம் போக்கும் என்பது ஒரு பாட்டின் கருத்து. மலை அகன்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை. போவது நடுக்கம். இறைத்துணை என்று அப்பர் எதைச் சொல்கிறார் என்பதை இந்த ஒரு பாட்டிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கல் தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது என்கிறது புராணம். அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு கடலூரில் இன்றும் இருக்கிறது. சித்திரை மாதத்தில் அங்கே விழா நடக்கிறது.

எளிதில் திறக்காத கதவு

கடலில் மிதந்தவருக்கு அதன்பின் எல்லாம் எளிதாகிவிடவில்லை. திருமறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், அடைபட்டிருந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பாடினார். பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடியும் கதவு அசையவில்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டில், உமக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டபின்தான் திறந்தது. அதே கதவை மூட ஞானசம்பந்தருக்கு ஒரு பாட்டே போதுமாயிருந்தது. அப்பர் அன்றிரவு மடத்தில் இதை நினைத்து வருந்தியபடி படுத்திருந்தார் என்று சேக்கிழார் எழுதுகிறார். ஒரு பெரியவரின் மனக்குறையை மறைக்காமல் சொன்னது அவர் பெருமை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறிட இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. சம்பந்தர் காசுக்கு வாசி உண்டு, அதாவது மாற்றும்போது வட்டம் பிடித்தார்கள். அப்பர் காசு முழு மதிப்புக்குப் போயிற்று. அப்பர் உழவாரம் ஏந்திக் கோயிலில் புல் செதுக்கும் கைத்தொண்டு செய்தவர், அதனால் அந்தக் காசு என்று காரணம் சொல்லப்படுகிறது. உதவி கிடைத்தபோதும் அவர் வேலையை விட்டுவிடவில்லை.

கயிலையைக் காணப் புறப்பட்ட கதை இன்னும் கடினமானது. காசியைக் கடந்து வடக்கே போகப் போகக் கால்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், பிறகு உருண்டார். உடல் முற்றும் ஓய்ந்தபின் எதிரே வந்த முனிவர் மனிதர்க்கு அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்றார். அப்பர் மறுத்தார். இறுதியில் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லப்பட்டு, எழுந்தபோது திருவையாற்றுக் குளத்தில் இருந்தார். இணையாக வந்த யானைகளிலும் கோழிகளிலும் குயில்களிலும் அவர் சிவனையும் சக்தியையும் கண்டதாக அவருடைய திருவையாற்றுப் பதிகம் பாடுகிறது. கயிலை மலைக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் கயிலைக் காட்சி விழா நடப்பது இதனால்தான்.

முதுமையில் அவர் தங்கியது திருப்புகலூர். அங்கே புல் செதுக்கும் இடத்தில் பொன்னும் நவமணிகளும் தோன்றின என்கிறது பெரியபுராணம். அப்பர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, மறுபடியும் புல்லைச் செதுக்கத் தொடங்கினார்.