கிழட்டு நாய் நொண்டுவது ஏன்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்கே அசையாத கிழட்டு நாய், எழுந்ததும் நாலு அடி நொண்டும். நடக்க நடக்கச் சரியாகும். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடிய குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு அழன்று வலிக்கிறது. அசையாமல் கிடந்தால் இறுகும், அசைந்தால் இளகும். ஆகவே நடையை நிறுத்தாதீர்கள். காலையும் மாலையும் கொஞ்ச தூரம் போதும். கோயில் வீதி கொதிக்கும் நண்பகலில் வேண்டாம். பருத்த நாய்க்கு எடை குறைந்தாலே நொண்டலும் குறையும். காஞ்சிபுரம் இட்லியின் நெய்யும் மிளகும் நமக்கு மட்டும்! வழுக்கும் டைல்ஸில் சாக்கு விரியுங்கள். நம் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்: ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்றே வலி மருந்துகள் உண்டு. கால்நடை மருத்துவர் எடையும் ரத்தமும் பார்த்துத் தருவார்.