முற்றத்தில் உயர்த்திய வண்டி

கல்லிடைக்குறிச்சியில் என் அத்தை மகன் வீட்டு முற்றம். வேப்பமரத்து நிழலில் அவனுடைய பிக்கப் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. கழற்றிய சக்கரம் இரண்டும் சுவரில் சாத்தியிருக்கின்றன. சாக்கு விரித்து, அதன்மேல் புதிதாக வாங்கிவந்த இரண்டு ஸ்பிரிங் பட்டைகள். முன்தினம் மழை பெய்த செம்மண். ஜாக்கியின் அடித்தட்டு அரை அங்குலம் புதைந்திருந்தது. "அண்ணாச்சி, ரெண்டு பட்டை கூடப் போட்டா எவ்வளவு ஏத்துனாலும் வண்டி தாழாதுல்லா" என்றார் மெக்கானிக் தம்பி. அவர் சொன்னது உண்மை. அந்தத் தாழாமையில்தான் ஆபத்து இருக்கிறது என்பது அப்போது எங்கள் மூவருக்குமே தெரியாது.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வண்டியை உயர்த்த ஆசைப்படுகிறவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. களக்காட்டில் ஏத்தன் வாழைக்குலை ஏற்றுகிறவர் தோட்டத்து வண்டிப்பாதையில் இறங்கியாக வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கம் நெல் மூட்டை ஏற்றுகிறவருக்கு அறுவடைக்காலச் சேறு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலையில் போனவர்களிடம் கல்லும் குழியும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவற்றுக்கெல்லாம் மேல் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லை சந்திப்பை மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர், 'நம்ம வண்டி இன்னும் நாலு அங்குலம் உயரமா இருந்திருந்தா' என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நாலு அங்குலத்துக்கு எங்கெல்லாம் விலை கொடுக்கிறோம் என்பதை பட்டை விற்கிற கடையில் யாரும் சொல்வதில்லை.

முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். பழுது பார்ப்பது வேறு, உருமாற்றுவது வேறு. தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கு அதே வகைப் புதியது, உடைந்த பட்டைக்கு அதே தடிமனில் இன்னொன்று, வழுக்கையான டயருக்கு அதே அளவில் மாற்று டயர். இவற்றைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. உங்கள் முற்றத்திலேயே செய்யலாம். தயாரிப்பாளர் குறித்த அளவை விட்டு விலகும்போதுதான் சட்டம் குறுக்கே வருகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் இதை இறுக்கமாகவே பொருள் கொண்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் தந்திருந்த தளர்வான விளக்கம் ரத்தானது. 'ஆர்.சி.யில் ஷாக் பற்றி ஒரு வரியும் இல்லையே' என்று சிலர் வாதாடுவார்கள். மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் தங்கள் ஆர்.சி. விவரத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்கட்டும். சரக்கு வாகனங்களுக்கு ஒவ்வொரு அச்சின் டயர் அளவும், அந்த அச்சு தாங்கக்கூடிய எடையும் பதிவில் சேர்கின்றன. டயரை மாற்றினாலே பதிவோடு முரண்பாடு வந்துவிடுகிறது.

தண்டனை சின்னதில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'மாற்றம் ஒன்றுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டை ஒரு கணக்கு, டயர் இன்னொரு கணக்கு. கூடுதல் பட்டை போடுவதே கூடுதல் பாரம் ஏற்றத்தான் என்றால், அது 194ஆம் பிரிவு: 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த முற்றத்துக்கு வருவோம். குனிந்து பார்த்தபோது, பின் அச்சிலிருந்து மேலே சேசிஸுக்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பி கண்ணில் பட்டது. மேல்முனையில் கைக்கடக்கமான ஒரு வால்வு, அதில் இரண்டு பிரேக் குழாய்கள். இது எதற்கு என்று கேட்டேன். அத்தை மகன் சொல்லத் தெரியாமல் நின்றான். மெக்கானிக் தம்பி வண்டிக் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார்.

பாரத்தை உணர்ந்து பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு அது. பல பிக்கப்களில் உண்டு. வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலகு. பிரேக்கை முழுதாக மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். அதனால் காலி வண்டிக்கு வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் ஏற ஏறப் பட்டை வளைந்து சேசிஸ் தாழும், கம்பி நகரும், வால்வு திறந்து முழு அழுத்தத்தையும் பின்னால் அனுப்பும். ஆக, வண்டி தாழ்வதுதான் பிரேக்குக்குப் போகும் தகவல். கூடுதல் பட்டை போட்டு அதைத் தாழவிடாமல் செய்தால், ஒன்றரை டன் ஏற்றிய பிறகும் வால்வுக்கு அது காலி வண்டிதான். பின் பிரேக் அரைமனதாகப் பிடிக்கும். முழுச் சுமையும் முன் பிரேக்கின் தலையில். காரையாறிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும் வளைவுகளில் அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்ல என் மனம் வரவில்லை.

பட்டைக் கட்டுக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தினாலும் இதே கதைதான். அதோடு வண்டியின் கனமையம் மேலே போகிறது, சக்கரங்களுக்கு இடையிலான அகலமோ அப்படியே நிற்கிறது. திருப்பத்தில் கவிழ்வதற்கு முன்னைவிடக் குறைந்த வேகமே போதும். பிரேக் ஹோஸ் இழுபடும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதன் யூனிவர்சல் ஜாயிண்ட் சிலுவை தேயும், முன்பக்கத்தையும் உயர்த்தினால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

டயருக்கு ஒரு கணக்கு போடலாம். 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மில்லிமீட்டர். அதைக் கழற்றி 265/65 ஆர்18 போட்டால் சுமார் 802. ஐந்து சதவீதம் பெரிது. மீட்டர் முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84இல் ஓடும். பிரேக் அதே பிரேக்; ஆனால் பெரிய சக்கரத்தைப் பிடிக்க அதன் பலம் அதே ஐந்து சதவீதம் குறையும். இவ்வளவுக்கும் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் விட்டத்தில் கூடியதில் பாதி, அதாவது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.

டயர் வாங்கும்போது அளவோடு நிறுத்தாமல் பக்கச்சுவரைப் படியுங்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரக் குறியீடு. 112 என்றால் அந்த ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். பழையதைவிடக் குறைந்த எண் கூடவே கூடாது. நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. இப்படிப் பழைய தேதி போட்ட டயரைப் புதிது என்று தந்தால் திருப்பிக் கொடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். கட்டை (ட்ரெட்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரை ஓட்டுவதும் விதிமீறல்தான்.

சேற்றில் இறங்க வண்டியை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதே அளவில் கட்டை ஆழமான டயர் கிடைக்கிறது. மண்பாதையில் காற்றைக் கொஞ்சம் இறக்கி மெதுவாக ஓட்டினால் பிடிமானம் கூடும். தார்ச்சாலை ஏறுமுன் கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. பிடிமானம் கூடிய தைரியத்தில் காட்டுக்குள் ஏற்றிவிட வேண்டாம். மாஞ்சோலையும் காரையாறும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் பாதை விலகி வண்டி ஓட்டுவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிக் குற்றம்.

வீட்டில் வேலை செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் மீறவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தடித்த பலகைமேல் ஸ்டாண்ட் வைத்து வண்டியை அதில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் தொடாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் எதிரே இருப்பவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கும் யூ-போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

இனி, ஏற்கெனவே மாற்றியவர்களுக்கு. விபத்து நடந்து எதிரே வந்தவர் அடிபட்டால், மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் நிறுவனம் முதலில் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, நிபந்தனை மீறல் என்று சொல்லி உங்களிடம் வசூலிக்க உத்தரவு கேட்கலாம். உங்கள் வண்டியின் சேதத்துக்கு மாற்றத்தைக் காரணம் காட்டி மறுப்பார்கள். ஆனால் மறுத்துவிட்டார்கள் என்பதற்காக ஓய்ந்துவிட வேண்டாம். அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்களை ஏற்றிய ஒரு சரக்கு வண்டி வழக்கில், விபத்துக்குக் காரணமாகாத மீறலுக்காகக் காப்பீட்டை முழுதாக மறுக்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நின்றிருந்த வண்டியில் லாரி வந்து மோதினால் உங்கள் டயர் அளவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சர்வேயர் அறிக்கை நகலையும் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடக் கெடு உண்டு.

'ஆர்.டி.ஓ. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்று சொல்லிப் பொருத்திக் கொடுத்த பட்டறையால் நஷ்டமா? நெல்லையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்கோ வேலைக்கோ மனுக் கட்டணம் கிடையாது, கெடு இரண்டு வருடம். முதல் படியாக 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 'வியாபார வண்டி, நீ நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக வைத்திருக்கும் வண்டிக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது; அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பில் இல்லாத வேலைக்கு எந்த ஆணையமும் எளிதில் துணைவர முடியாது.

பதிவை நிறுத்தி வைக்கப் போவதாக ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால், அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. குறையைச் சரிசெய்து வண்டியைக் காட்டினால் நிறுத்தத்தை விலக்கிக்கொள்ளலாம். உத்தரவு தவறென்று பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

சரிசெய்து காட்ட வேண்டுமானால் கழற்றிய அசல் பாகம் கையில் இருக்க வேண்டும். அதனால் பழைய பட்டையையும் ஷாக்கையும் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

அன்று அத்தை மகன் கூடுதல் பட்டை போடவில்லை. மெக்கானிக் தம்பி கையேட்டை மூடி வைத்துவிட்டு, பலகை எடுத்து ஜாக்கியின் அடியில் கொடுத்தார். உடைந்திருந்த ஒரே ஒரு பட்டையை மட்டும் அதே தடிமனில் மாற்றினார். கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்து, மண் துடைத்து விட்டார். சாயங்காலம் கூடுதல் பட்டை இரண்டையும் அதே சாக்கில் சுற்றி, பில்லோடு பேட்டைக் கடைக்கு எடுத்துப்போனோம். பில் இருந்ததால் கடைக்காரர் மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்.