கோவை ஆட்டோக்காரர் கதை வெனிஸ் போயிருச்சு... இத்தாலியோட புதுப் படம் ஏன் ஆனைமலைக்கு வரலை?

2015 செப்டம்பர். இத்தாலியின் வெனிஸ் நகரில் திரைப்பட விழா. 1932-ல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய திரைவிழா அது. அந்த ஆண்டு விழாவுக்குப் போனவர்களில் ஒருவர், கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டுபவர். பெயர் மு.சந்திரகுமார். அவர் எழுதிய 'லாக்கப்' நாவலைத்தான் வெற்றிமாறன் 'விசாரணை' என்ற பெயரில் படமாக்கியிருந்தார்.

1983-ல் ஆந்திராவின் குண்டூரில், செய்யாத திருட்டுக்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்த கதை அது. 13 நாள் காவல் நிலையத்தில் சித்திரவதை, அதற்கப்புறம் சில மாதங்கள் சிறை. அதை ஊர் திரும்பிப் பல வருடங்கள் கழித்து எழுதி, 2006-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார் சந்திரகுமார். ஒன்பது வருடத்தில் அந்தக் கதை வெனிஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே அம்னெஸ்டி அமைப்பின் இத்தாலிப் பிரிவு, மனித உரிமைக்கான சினிமா என்று 'விசாரணை'க்கு விருது கொடுத்தது.

கொங்கு மண்ணிலிருந்து இத்தாலிக்குப் பாதை இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அதே பாதையில் திரும்பி எதுவும் வருவதில்லை. இத்தாலியில் இன்று படம் எடுக்கும் புது ஆட்கள் யார், அவர்கள் என்ன கதை சொல்கிறார்கள் என்று பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ கேட்டால், பதில் அநேகமாக 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்பதோடு நின்றுவிடும். அது 1948-ம் ஆண்டுப் படம்.

புது இயக்குநருக்கு எதற்குத் தனி விழா?

'விசாரணை' போட்டியிட்ட பிரிவின் பெயர் ஒரிஸோந்தி. தொடுவானங்கள் என்று அர்த்தம். 2004-ல் தொடங்கிய இந்தப் பிரிவு, உலக சினிமாவின் புதுப் போக்குகளுக்கானது. பெரிய பெயர்கள் மோதும் முதன்மைப் போட்டி தனி. வெற்றிமாறன் அப்போது புதுமுகம் இல்லைதான். 'ஆடுகளம்' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். ஆனால் நம்ம ஊரில் தெரிந்த முகம், உலகத்துக்குப் புதுமுகமாக இருக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு இதே பிரிவில் சைதன்ய தம்ஹானேயின் 'கோர்ட்' சிறந்த படமாகத் தேர்வானது. கூடவே, முதல் பட இயக்குநருக்கு வெனிஸ் தரும் 'எதிர்காலத்தின் சிங்கம்' விருதும் அவருக்குத்தான். 2025-ல் இதே ஒரிஸோந்தியில் அனுபர்ணா ராய் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆட்களை இத்தாலி தன் வீட்டுக்கு அழைப்பது. தன் சொந்தப் புது இயக்குநர்களை வெளியே அனுப்ப அவர்கள் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 1991-ல் ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து 'நைஸ்' என்ற விழா கிளம்பியது. முதல் படம், இரண்டாவது படம் எடுத்தவர்களின் படங்களை மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராகப் போகிற விழா. இதில் விருது யாருக்கு என்று பார்வையாளர்களே ஓட்டுப் போடுவார்கள். 2001-லிருந்து நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 'ஓப்பன் ரோட்ஸ்' என்று இன்னொரு விழா, புது இத்தாலிய சினிமாவுக்கு மட்டுமே நடக்கிறது.

இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. 2016-ல் இத்தாலி இயற்றிய சினிமா சட்டத்தில், அரசு நிதியில் முதல் மற்றும் இரண்டாவது படங்களுக்கு என்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் படம் எடுப்பதைவிட இரண்டாவது படம் எடுப்பதுதான் கஷ்டம் என்று கோடம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த 'இரண்டாவது' என்ற ஒரு வார்த்தையைச் சட்டத்தில் சேர்த்தவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

சரி, இந்தியாவுக்கு ஏன் வருவதில்லை? வருகிறது. 2018 முதல் இத்தாலி வெளியுறவு அமைச்சகம் 'ஃபாரே சினிமா' என்ற பெயரில் ஆண்டுதோறும் உலகம் முழுக்கத் தன் சினிமாவைக் கொண்டுபோகிறது. தூதரகங்களும் இத்தாலியக் கலாசார மையங்களும்தான் அதை நடத்துகின்றன. அந்த மையங்கள் இந்தியாவில் இருப்பது டெல்லியிலும் மும்பையிலும். சென்னைக்கே கிடையாது எனும்போது கோவை, ஆனைமலை எல்லாம் கணக்கிலேயே வராது. எந்த ஊரில் ஆபீஸ் இருக்கிறதோ அந்த ஊரில் விழா. ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1952-ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கியபோது, அது அங்கேயே முடிந்துவிடவில்லை. மெட்ராஸ், டெல்லி, கல்கத்தா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அப்படித்தான் இந்தியக் கண்களுக்கு வந்தது. அதன் பாதிப்பில் பிமல் ராய் அடுத்த வருடமே 'தோ பிகா ஜமீன்' எடுத்தார். படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோவது கோவைக்கும் புதுசில்லை. 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் சுற்றிப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊர்க்காரர்தான். அப்புறம் 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டினார்.

அப்படி என்னதான் மிஸ் ஆகுது?

இத்தாலி என்றால் ரோம், பீட்சா, வெனிஸ் படகு என்ற எண்ணத்தோடு இந்தப் படங்களைப் போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இன்றைய இத்தாலிய இயக்குநர்களில் நிறையப் பேர் கேமராவை நிறுத்தியிருப்பது மலையடிவாரத்தில், பட்டியில், தோட்டத்தில்.

ஆலீச்சே ரோர்வாகர் எடுத்த 'லாஸரோ ஃபெலீச்சே' (2018) ஒரு புகையிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது. ஒரு சீமாட்டிக்கு ஒரு கிராமமே வாரத்துக்கு உழைக்கிறது. கணக்குப் பார்க்கும்போதெல்லாம் உழைத்தவர்களுக்குக் கடன்தான் மிச்சம். உண்மையில் அந்த வார முறைக்கு 1982-லேயே இத்தாலி சட்டம் போட்டு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. கிராமத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ரோர்வாகர் இந்தக் கருவை எடுத்தது ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து. கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட படம் இது. கொங்கு நாட்டில் பண்ணையத்துக்கு ஆள் வைத்த கதைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்தவர்களுக்கு, இது எவ்வளவு நெருக்கம் என்று சொல்லவே வேண்டாம். இந்தியா கொத்தடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1976-ல். சட்டம் வந்த தேதியும், சேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்த தேதியும் ஒன்றல்ல என்பதைத்தான் இந்தப் படம் பேசுகிறது.

மவுரா தெல்பேரோவின் 'வெர்மீலியோ' (2024) வெனிஸில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கியது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டம். பனி மூடிய மலைக் கிராமத்தில் ஒரு வாத்தியார், வீடு நிறையப் பிள்ளைகள். போரிலிருந்து தப்பி ஓடிவந்த ஒருவன் மூத்த மகள் மனதில் இடம்பிடிக்கிறான். அதைவிடக் குத்துவது வேறொரு இடம்: பெண் பிள்ளைகளில் யாரை மேலே படிக்க அனுப்புவது என்று அப்பா முடிவெடுக்கும் இடம். ஒருத்திக்குத்தான் வசதி. மற்றவளுக்கு? முதல் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்கப்புறம் படம் விடாது.

மெதுவான படம்தான் இத்தாலி என்றும் நினைத்துவிட வேண்டாம். பாவுலா கொர்தெல்லேஸி என்ற நகைச்சுவை நடிகை, 2023-ல் தன் முதல் படத்தை, அதுவும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பெயருக்கு 'இன்னும் நாளை இருக்கிறது' என்று பொருள். 1946-ன் ரோம் நகரம். காலையில் எழுந்து புருஷனுக்கு வணக்கம் சொல்லும் மனைவிக்குப் பதிலாகக் கிடைப்பது ஒரு அறை. இப்படித் தொடங்கும் படம், அந்த வருடம் இத்தாலி தியேட்டர்களில் 'பார்பி'யையும் 'ஓப்பன்ஹைமர்'ஐயும் வசூலில் முந்தியது. அவள் ஒளித்து வைத்திருக்கும் லெட்டரில் என்ன இருக்கிறது என்பதை இங்கே சொன்னால் படம் பார்த்த சுகமே போய்விடும்.

சப்டைட்டில் என்னும் வேலி

இங்கேதான் உண்மையான சிக்கல். 'விசாரணை' வெனிஸ் போனபோது, அங்குள்ளவர்கள் புரிந்துகொள்ள இத்தாலிய மொழியில் சப்டைட்டில் ஓடியது. அந்த விழாவின் விதியே அதுதான். இங்கே நடக்கும் விழாக்களில் இத்தாலியப் படம் வந்தால் ஓடுவது ஆங்கில சப்டைட்டில். அதை வேகமாகப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் படம். 'லாஸரோ'வைப் பார்த்து, "இது எங்க கதைங்க" என்று சொல்லக்கூடியவர் அந்த அரங்கில் உட்கார வாய்ப்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 'வெர்மீலியோ' பேசுவது அந்த மலைப்பகுதியின் வட்டார வழக்கு. அது இத்தாலிக்காரர்களுக்கே புரியாது என்பதால், இத்தாலி தியேட்டர்களிலேயே சப்டைட்டிலோடுதான் ஓடியது. கொங்குத் தமிழில் ஒரு படம் எடுத்து, சென்னையில் கீழே எழுத்துப் போட்டு ஓட்டுவது மாதிரி. வட்டார வழக்கைக் காமெடிக்கு மட்டும் தொட்டுக்கொள்ளும் சினிமாவுக்குப் பழகியவர்களுக்கு அந்தத் துணிச்சல் பொறாமையைக் கிளப்பும்.

கோவையில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 'கோணங்கள்' திரைப்படச் சங்கம், பெர்க்ஸ் பள்ளியின் சின்ன அரங்கில் ஞாயிறு மாலைகளில் உலக சினிமாவைப் பல வருடங்கள் தொடர்ந்து திரையிட்டு வந்தது. கட்டணம் வாங்கிப் பிழைக்கும் வேலை இல்லை அது. ஆர்வம் மட்டுமே முதல். ஆனால் ஆனைமலையில் இருப்பவருக்கு அந்த ஞாயிறு மாலை என்பது ஒரு நாள் முழுக்க ஆகும் பயணம். முதலில் பொள்ளாச்சிக்கு 15 கிலோமீட்டர், அங்கிருந்து உக்கடத்துக்கு 40 கிலோமீட்டர், அப்புறம் டவுன் பஸ். படம் முடிந்து, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று நின்றால், பொள்ளாச்சியில் இறங்கும்போது ஆனைமலை பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். 'தேவர் மகன்' காலத்திலிருந்து கேமரா வந்து வந்து போன வட்டாரம் இது. தென்னந்தோப்பையும் வாய்க்காலையும் படம் பிடிக்க யூனிட் வருகிறது. படம் காட்டத்தான் யாரும் வருவதில்லை.

சிறிய ஊரில் ஒரு திரையிடல் நடத்த என்ன வேண்டும்? முதலில், படத்தின் உரிமையாளரிடம் அனுமதி. அடுத்து, தணிக்கைச் சான்றிதழ் விஷயம். சான்றிதழ் வாங்காத வெளிநாட்டுப் படத்தைப் பொதுவில் டிக்கெட் போட்டு ஓட்ட முடியாது. திரைவிழாக்களுக்கு மட்டும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு கொடுக்கும். விழாக்களில் டிக்கெட்டுக்குப் பதிலாக 'டெலிகேட் பாஸ்' என்று ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்களே, அதன் ரகசியம் இதுதான். 2003-லிருந்து நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவிலும் இதே நடைமுறைதான். மூன்றாவது, மொழி. நூறு நிமிடப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது, மொழி தெரிந்த ரெண்டு பேர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. செலவு கோடிகளில் இல்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு சங்கம் வேண்டும், கதவைத் திறந்துவிட ஒரு பள்ளிக்கூடமோ மண்டபமோ வேண்டும்.

சப்டைட்டிலே தேவைப்படாத ஒரு இத்தாலியப் படமும் இருக்கிறது. மிக்கேலாஞ்சலோ ஃப்ரம்மர்தீனோவின் இரண்டாவது படம், 'லே குவாத்ரோ வோல்தே' (2010). தெற்கே கலாப்ரியா மலையில் ஒரு வயதான ஆட்டுக்காரர். இருமல். தினமும் ராத்திரி, கோயிலில் கூட்டியெடுத்த தூசியைத் தண்ணீரில் கலந்து மருந்தாகக் குடிக்கிறார். நம்ம வீட்டில் காய்ச்சல் வந்த குழந்தைக்குத் திருநீறு கரைத்துக் கொடுப்பது மாதிரியே. அவருடைய நாய் ஒரு நாள் சரிவில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை இழுத்துவிட, வண்டி உருண்டு பட்டியை உடைக்கிறது. ஆடுகள் தெருவுக்கு வருகின்றன, வீட்டுக்குள் நுழைகின்றன, மேஜை மேலேயே ஏறி நிற்கின்றன. படம் முழுக்க வசனம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆட்டு மணிச் சத்தம்தான். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி இந்தப் படத்தை ஓட்டினால், யாரும் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்காது.